பொம்மையின் சம்மதம்

தன்விகாவுக்கு நிரல் எழுதத் தெரியுமா என்று யாராவது கேட்டால் என்னால் ஒரே பதிலை இரண்டு முறை சொல்ல முடிவதில்லை. தெரியும் என்று சான்றிதழில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். அந்தக் கையெழுத்துக்குக் கீழே என் பெயர், பதவி, பள்ளியின் முத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. குழம்பிக் கிடப்பது நான் மட்டும்தான்.

என் பெயர் கோகிலவாணி. பெருந்துறைப் பக்கம் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான பள்ளியில் பதினான்கு வருடமாக ஆசிரியை. சட்டைப் பித்தான் போடுவது, பல் தேய்ப்பது, பேருந்து எண்ணைப் பார்த்து ஏறுவது, இவைதான் நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடங்கள். ஒரு பிள்ளை தன் கால் செருப்பைத் தானே சரியாக மாட்டிக்கொண்டால் அன்றைக்கு எங்களுக்கு விருந்து. அப்படிப்பட்ட இடத்தில் ஒருநாள் கணினி நிரல் பாடம் வந்து உட்கார்ந்தது. ஆறு வயதிலிருந்து கட்டாயம், பத்து வயது முடிவதற்குள் தேர்வு.

தன்விகாவின் அப்பா சென்னியப்பன் பால் வண்டி ஓட்டுபவர். மனைவி இல்லை, பிரசவத்திலேயே போய்விட்டார். மகளை முதல் நாள் அந்த வகுப்பில் விட வந்தவர், மேசையில் கிடந்த வண்ண வில்லைகளையும் மூலையில் நின்ற இயந்திரத்தையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க டீச்சர், அம்மிணிக்கு இன்னும் பட்டனே போட வல்லீங்க. இதுல புரோகிராம் எல்லாம் எதுக்குங்க?"

"துணை மெஷின் பாத்திருக்கீங்களா?"

"எங்க சொசைட்டி மேனேஜர் ஊட்டுல இருக்குதுங்க. அவுங்க அம்மாளத் தூக்கி உக்கார வெக்குது, தல சீவி உடுது."

"அது யார் சொன்னாக் கேக்கும்?"

"மேனேஜரு சொன்னாக் கேக்கும்."

"அந்தம்மா சொன்னா?"

"அந்தம்மா போதும் போதும்னு கத்தும்ங்க. அது பாட்டுக்குச் சீவிட்டு இருக்கும்."

"அதேதாங்க. ஒரு மெஷினுக்கு ஒரே சாவி. தனக்கு என்ன வேணும்னு வரிசையாச் சொல்லத் தெரிஞ்சவங்க பேருக்குத்தான் சாவி குடுப்பாங்க. அதுக்குத்தான் இந்தப் பரீட்சை. தன்விகா பாஸ் பண்ணினா மெஷின் அவ பேர்ல. காலம் பூரா அவ வீட்டுலயே இருந்துக்கலாம். பாஸ் பண்ணலைன்னா சாவி உங்க பேர்ல. உங்களுக்கப்புறம் காப்பகத்துக்குப் போயிரும்."

"சாவிங்களா?"

"சாவியும். புள்ளையும்."

சென்னியப்பன் பால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு அப்போதே இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் இரண்டு தடவை ஈரோட்டுக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வந்தார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் அவ்வளவு பட்டென்று பேசியிருக்க மாட்டேன்.

வகுப்பில் நாங்கள் வைத்திருந்தது உண்மையான துணை இயந்திரம் அல்ல. உண்மையானது ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. பிள்ளை அரை வார்த்தை சொன்னாலே மீதியை ஊகித்துச் செய்துவிடும். அப்புறம் செய்தது பிள்ளையா இயந்திரமா என்று தெரியாது. அதனால் தேர்வுக்கென்றே ஒன்றும் ஊகிக்கத் தெரியாத இயந்திரம் ஒன்றை அனுப்பியிருந்தார்கள். தட்டில் என்ன கட்டளை வில்லை அடுக்குகிறோமோ அதை மட்டும் செய்யும். 'நட' என்று வைத்தால் சுவரில் முட்டும்வரை நடக்கும், முட்டிய பிறகும் நடக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் மக்கு. அந்தச் சொல்லை எங்கள் பள்ளியில் யாரும் உச்சரிக்கக் கூடாது. ஆனால் எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். எங்கே கற்றார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வருடம் முழுக்கத் தன்விகா ஒரே ஒரு வில்லையைத்தான் வைத்தாள். 'நட'. மக்கு போய்ச் சுவரில் முட்டும், இவள் கைதட்டிச் சிரிப்பாள், திரும்பவும் 'நட'. சுண்ணாம்பு பெயர்ந்ததுதான் மிச்சம். இரண்டாம் வருடம் 'நட', 'நில்'. மூன்றாம் வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேறு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் ஐந்து வில்லைகளை அடுக்கிப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள். மக்கு நடந்தது, நின்றது, பிஸ்கட் தட்டை எடுத்தது, திரும்பியது, தட்டை அவள் முன்னால் வைத்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு நான் அவளைவிட அதிகமாகக் கைதட்டினேன்.

அதற்கடுத்து அவள் கண்ணில் பட்டது 'கேள்' என்ற மஞ்சள் வில்லை. அதை வைத்தால் மக்கு எதிரில் இருப்பவரைப் பார்த்து "சரியா?" என்று கேட்கும். ஆமாம் என்றால் அடுத்த வேலையைச் செய்யும், இல்லை என்றால் விட்டுவிடும். ஒன்றும் சொல்லாவிட்டால் அப்படியே நிற்கும். 'இப்படியென்றால் இது, அப்படியென்றால் அது' என்று பிரித்துப் பார்ப்பதுதான் நிரலுக்கு உயிர், அதைப் பழக்குவதற்கான வில்லை அது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் தொடவே மாட்டார்கள். தன்விகா தொட்டபிறகு வேறு எதையும் தனியாக விடவில்லை. எடு என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள். தூக்கு என்றால் அதற்கு முன்னால் ஒரு கேள்.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பிள்ளையையும் கேட்காமல் தொடக் கூடாது. மூக்குத் துடைப்பதானாலும் உடை மாற்றுவதானாலும் "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்க வேண்டும். பேச்சு வராத பிள்ளையானால் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால் சளி ஒழுகினாலும் ஒழுகட்டும். புதிதாக வரும் ஆயாக்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். தன்விகா மூன்று வயதிலிருந்து இங்கே இருக்கிறாள். ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தக் கேள்வியைக் கேட்டே வளர்ந்தவள். ஆகவே இது வெறும் பழக்கம், கிளிப்பிள்ளை மாதிரி என்று முடிவு கட்டினேன்.

மனிதர்கள் எதிரில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. மக்கு "சரியா?" என்று கேட்கும், பிள்ளைகள் "செரி" என்று கத்துவார்கள், பிஸ்கட் வரும். தேர்வில் எதிரில் இருக்கப்போவது மனிதர் அல்ல. கட்டிலில் ஆளுயரத் துணிப் பொம்மை ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். அதைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். பத்து வில்லைக்குள், ஐந்து நிமிடத்துக்குள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒத்திகை வைத்தேன். தன்விகா அழகாக அடுக்கினாள். மக்கு கட்டிலருகே போய்க் குனிந்து பொம்மையிடம் "சரியா?" என்றது. பொம்மை என்ன சொல்லும்? மக்கு நின்றது. தன்விகாவும் பக்கத்தில் போய்ப் பொம்மையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இரண்டும் நின்றன.

"அது பொம்மை கண்ணு. அதுக்கு உசுரில்ல."

"ம்."

"அது பேசாது. கேள் வேண்டாம், எடுத்துரு."

"ம்" என்றாள். எடுக்கவில்லை.

மறுநாள் அந்த மஞ்சள் வில்லைகளையெல்லாம் நான் என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தேன். அவள் மற்ற வில்லைகளை அடுக்கிவிட்டு நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டாள். காலி இடம் வந்தால் மக்கு நின்றுவிடும். அது நின்றதும் இவளே போய்ப் பொம்மையின் காதருகில் "செரியா?" என்று கேட்டாள்.

"அப்ப நீயே அதுக்குப் பதிலா சரின்னு சொல்லிரு" என்றேன். தோற்றுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

தலையை ஆட்டினாள். பொம்மையைச் சுட்டிக் காட்டினாள். "அது சொல்லோணும்."

"அதுக்கு வாய் இல்லையேம்மா!" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தன்விகா என்னையே பார்த்தாள். அவளுக்கு ஆறு வயதுவரை பேச்சே வரவில்லை. இப்போதும் ஒரு வாக்கியம் வருவதற்குள் நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். "நானு பேசல" என்றாள். பிறகு, "நீங்க கேட்டீங்க."

அவள் என்ன சொன்னாள்? எனக்குப் பேச்சு வராதபோதும் என்னைக் கேட்டுத்தானே தொட்டீர்கள், பொம்மைக்கு மட்டும் ஏன் வேறு நியாயம் என்றா? அல்லது எப்போதோ நடந்தது எதுவோ நினைவுக்கு வந்து, இதோடு சம்பந்தமில்லாமல் சொன்னாளா? அடுத்த நிமிடமே அவள் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இரண்டு நாள் எனக்கு வேறு யோசனையே இல்லை. வீட்டில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சென்னியப்பன் அந்த வாரம் பள்ளிக்கு வந்தபோது கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "டாக்டரு நாளு சொல்ல மாட்டேங்கறாருங்க. அம்மிணி எப்புடியாச்சும் தேறிருமுங்களா?" என்றார். தேறிவிடும் என்றேன்.

சொல்லிவிட்டேன் அல்லவா, அதைச் செய்து முடிக்க ஒரு பொய் சொன்னேன். திங்கட்கிழமை காலை தன்விகாவை உட்கார வைத்து, "நான் நேத்தே பொம்மைகிட்டக் கேட்டுட்டேன் தங்கம். தூக்கட்டுமான்னு கேட்டேன். எப்பவும் தூக்கிக்கலாம், இனி கேக்க வேண்டாம்னு சொல்லிருச்சு" என்றேன்.

"பொம்மையா?"

"ஆமா."

"செரின்னுச்சா?"

"சரின்னு சொல்லிச்சு."

அதுவரை நான் அந்தப் பிள்ளைகளிடம் பொய் சொன்னதில்லை. அவளுக்கு அதைச் சந்தேகப்படத் தெரியவில்லை. கட்டிலருகே போய்ப் பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வந்து ஆறு வில்லைகளை இடைவெளி விடாமல் அடுக்கினாள். மக்கு போய்ப் பொம்மையை அள்ளி நாற்காலியில் வைத்தது. நான் கைதட்டினேன். அவள் தட்டவில்லை.

தேர்வு அதிகாரியாகச் சென்னையிலிருந்து வந்தவர் நஸ்ரீன். முப்பது வயது இருக்கும். கடுகடுப்பானவராக வருவார் என்று எதிர்பார்த்திருந்தேன். பயணக் களைப்போடு வந்து, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். வாசலில் அவருடைய வண்டியில் புத்தம் புதிய துணை இயந்திரம் ஒன்று பாலிதீன் உறையோடு நின்றது. தேறினால் அப்போதே கையில் ஒப்படைத்துவிடுவார்களாம்.

தன்விகா இரண்டு நிமிடம் பதினோரு விநாடியில் முடித்தாள். ஆறு வில்லை. நஸ்ரீன் பலகைக் கணினியில் குறித்துக்கொண்டு, "நான் பாத்ததுல ரொம்பச் சுருக்கமானது இதுதான்" என்றார். சென்னியப்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பொம்மை நாற்காலியில் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு. இது சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று நஸ்ரீன் தன்விகாவின் முன்னால் மண்டியிட்டார். வெளியே நின்ற புது இயந்திரத்தைக் காட்டினார். "இந்த மெஷின் உனக்கு வேணுமாம்மா?"

தன்விகா நெடுநேரம் அதைப் பார்த்தாள்.

"வேண்டாம்."

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருடமாக நான் சொல்லிக்கொடுத்தேன், சென்னியப்பன் கொண்டுவந்து விட்டார், அரசாங்கம் சட்டம் போட்டது. இது உனக்கு வேண்டுமா என்று அவளை யாரும் கேட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுச் செய்கிற எங்கள் பள்ளியில், இதை மட்டும் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

"ஏம்மா வேண்டாம்?"

"அது கேக்காது" என்றாள் தன்விகா.

"மூணு தடவை கேக்கலாம்" என்றார் நஸ்ரீன் தணிந்த குரலில். "அப்பா கேளுங்க."

சென்னியப்பன் வீங்கிய காலோடு தரையில் உட்கார்ந்தார். "அம்மிணி, அப்பன் சொல்றதக் கேளு சாமி. அப்பனுக்கு ஒடம்பு செரியில்ல. அது இருந்தா நீ நம்மூட்டுலயே இருந்துக்கலாம். வேணும்னு சொல்லு, ஒரே வார்த்த."

அவள் அவருடைய கன்னத்தைத் துடைக்கக் கையை நீட்டினாள். பாதி வழியில் கையை நிறுத்தி, "தொடட்டா?" என்றாள். அவர் தலையாட்டியதும் துடைத்தாள். துடைத்துவிட்டு, "வேண்டாம்ப்பா" என்றாள். மூன்றாம் தடவை அவர் அதட்டிக் கேட்டார். அப்போதும் அதே பதில்தான்.

நஸ்ரீன் என்னைத் தனியே அழைத்தார். "டீச்சர், நீங்க ஒரு வரி எழுதணும். புரிஞ்சு சொன்னாளா, புரியாம சொன்னாளான்னு."

"புரிஞ்சு சொன்னான்னு எழுதினா?"

"அவ விருப்பத்துக்கு மெஷின் திரும்பப் போயிடும். தேறினது தேறினதுதான், ஆனா இன்னொரு தடவை குடுக்க மாட்டாங்க."

"புரியாமச் சொன்னான்னா?"

"அவ்வளவுகூடப் புரியாத பிள்ளை எப்படித் தேறுச்சுன்னு தேர்வே ரத்தாயிடும்."

"அப்ப ரெண்டுலயும் அவ பேர்ல மெஷின் கிடையாதா?"

"கிடையாது."

"அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபைல் க்ளோஸ் ஆகாது டீச்சர்" என்றார். அவருக்கும் அதைச் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அவளுக்குப் புரிந்ததா? கேட்காத இயந்திரம் தனக்கு வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு புத்தி வேண்டும்! அதே பிள்ளைதான் பொம்மை பேசியது என்று நான் சொன்னதையும் நம்பியது. இரண்டும் ஒரே தலைக்குள் இருக்க முடியுமா? எனக்குத் தெரியவில்லை. பெரிய கொள்கைப் பிடிப்பெல்லாம் இல்லை, அவளைப் பற்றிப் புரியாதவள் என்று என் கையால் எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். 'புரிந்தே சொன்னாள்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வண்டி இயந்திரத்தோடு போய்விட்டது. சென்னியப்பன் வாசலில் நின்று, "என் புள்ளையத் தெருவுல உட்டுட்டீங்களே டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு இருபது மாதம் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மகளைப் பள்ளி வாசலில் விடுவார், தலையைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை காப்பகத்து வண்டி வந்தது. நான் அங்கேதான் இருந்தேன், அவளுடைய துணிகளை மடித்துக் கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் அழுதுகொண்டிருந்தார்கள். வண்டியில் வந்த ஊழியர் பலகைக் கணினியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னங்க இது, புள்ள பேருல வேற மாதிரி வருது?"

"என்னன்னு வருது?"

"தன் விருப்பத்தைப் புரிந்து சொல்லத் தக்கவர்னு போட்டிருக்குங்க. பரீட்சையில தேறி, மெஷின் வேண்டாம்னு சொல்லியிருக்குது. இப்புடி இருந்தா நாங்க கேக்காமக் கூட்டீட்டுப் போவ முடியாதுங்களே." தலையைச் சொறிந்துகொண்டே அவர் தன்விகாவிடம் திரும்பினார். அந்த மாதிரி ஒரு கேள்வியை அவர் அதுவரை யாரிடமும் கேட்டதில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "எங்ககூட வர்றியா பாப்பா?"

"வேண்டாம்."

அவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அன்று நான் கிறுக்கிய ஒரு வரிக்கு இப்படி ஓர் அர்த்தம் இருந்தது என்று நஸ்ரீனுக்குத் தெரிந்திருக்குமா? எனக்குச் சத்தியமாகத் தெரியாது. ஊழியர் என் பக்கம் குனிந்து, "ஒரு வாரந்தானுங்க டைம். அதுக்குள்ள புள்ளைக்குப் புடிச்ச ஒரு பெரியவங்க கூட இருந்து பாத்துக்கறேன்னு எழுதிக் குடுக்கோணும். இல்லீன்னா கோர்ட்டுக்குப் போயிரும்" என்றார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

தெருவில் கூட்டம் கலைந்தது. நான் மடித்த துணிகளைத் திரும்பவும் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவள், வழக்கம்போல வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

"டீச்சர். நீங்க. எங்கூட இருக்கறீங்களா?"

எனக்கு வீடு இருக்கிறது. பேங்க் வேலையில் கணவர் இருக்கிறார், கல்லூரிக்குப் போகும் மகன் இருக்கிறான். இந்த வருடம் எனக்கு ஐம்பது வயது, முழங்கால் வலி வேறு. அவளுக்குப் பன்னிரண்டு. கணக்குப் போட்டால் எதுவும் சரியாக வரவில்லை. முடியாது என்று சொல்ல ஆயிரம் நியாயமான காரணங்கள் என்னிடம் இருக்கின்றன. அவள் அழுது பிடிவாதம் பிடித்திருந்தால் அவற்றில் ஒன்றைச் சொல்லி நான் தப்பித்திருப்பேன். அவள் அப்படிச் செய்யவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இது நடந்து நான்கு நாள் ஆகிறது. இரவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளுக்குத் துணையாகப் படுத்துக்கொள்கிறார்கள். தினமும் காலையில் போகிறேன், சாப்பாடு கொடுக்கிறேன், அவள் இரண்டாம் முறை கேட்பதில்லை. இல்லை என்று நான் சொன்னால், செரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.